இரண்டு இலைக்காரர்

சாப்பாட்டுக் கடைக்கு நாயோடு வந்து, அதற்கும் தனியாக ஓர் இலை போடச் சொல்லி, அது சாப்பிடுவதைப் பார்த்த பிறகே தன் இலையில் கை வைக்கிற மனிதரை என் வாழ்நாளில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் பெயர் எனக்குத் தெரியும். அவருடைய ஆட்கள் இன்னும் தச்சநல்லூரில் இருப்பதால் இங்கே எழுதவில்லை. நேரில் அண்ணாச்சி என்போம். அவர் தலை மறைந்தால் இரண்டு இலைக்காரர் என்போம்.

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தின காலம். நான் கொக்கிரகுளத்தில் ஒரு கோர்ட்டுக் கச்சேரியில் நகல் எழுதும் குமாஸ்தா. வீடு பாளையங்கோட்டையில். மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்ப நேரம் போதாது. கச்சேரிக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடை இருந்தது. உள்ளே ஒரு கூடம், வெளியே முற்றத்தில் தென்னங்கீற்றுப் பந்தல். பந்தலின் ஓரத்தில் ஒரு மருதமரம். கூடத்தில் சைவப் பிள்ளைமார் உட்காருவார்கள். வண்டிக்காரர், வியாபாரி, என்னைப் போல வேதக்கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்கள் எல்லாருக்கும் பந்தல். அதை யாரும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை, எல்லாருக்கும் அவரவர் இடம் தெரியும்.

அதனால்தான் அவரைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். அவர் நல்ல சைவக் குடும்பம். நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளை வேட்டி, தோளில் மடித்த துண்டு. ஸ்ரீவைகுண்டம் வாய்க்கால் பாசனத்தில் வயல் இருந்தது. கூடத்தில் முதல் தடுக்கு அவருக்குத்தான் போடுவார்கள். ஆனால் தச்சநல்லூரிலிருந்து பாலம் கடந்து நடந்து வந்து, எங்களோடு பந்தலில், மருதமரத்தடியில் கடைசித் தடுக்கில் உட்காருவார். பக்கத்தில் நாய். செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்தது, சாதாரண ஊர் நாய். கூடத்திலிருந்து யாராவது உள்ளே வரக் கூப்பிட்டால், "உள்ள எனக்கு எடம் இருக்கு, இவளுக்கு இல்லையே" என்பார். நாயும் நாங்களும் ஒரே பந்தல் என்பதில் எனக்குக் கொஞ்சம் ரோஷம் இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் ரோஷத்தைவிட விடுப்பு, பிறர் சங்கதியை அறிகிற ஆசை, அதிகம். அது என் பிறவிக் குணம். அடுத்தவர் வீட்டுக் கதவு இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் என் கால் தானாக நிற்கும்.

முதலில் நாய்க்கு இலை. மரத்தடியில் தண்ணீர் தெளித்து அவரே விரிப்பார். சோறு, பருப்பு, அவியல் கொஞ்சம், மோர். ரசம் கிடையாது, மிளகு காரம். நாய் முன்னங்காலை ஊன்றி உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்க்கும். "ஏளா, சாப்பிடு" என்பார், வீட்டுப் பெண்பிள்ளையிடம் சொல்லுகிற மாதிரி. பிறகு குனிந்து அது சாப்பிடுவதையே பார்ப்பார். எந்தப் பக்கம் முதலில் போகிறது, எதை ஒதுக்குகிறது, எல்லாம் கவனம். "இன்னைக்குக் கத்திரிக்காயைத் தள்ளிட்டா" என்று பரிமாறுகிறவரிடம் சொல்லுவார். சமையல்காரருக்கு அது போய்ச் சேரும்போது உள்ளே பாத்திரம் கொஞ்சம் பலமாக உருளும். நாய் பாதி இலை முடித்த பிறகுதான் தன் இலையில் சோறு போட விடுவார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. யாரைப் பார்த்தாலும் என்ன சாப்பிட்டார் என்று கேட்பார். அது எல்லாரும் கேட்பதுதானே என்பீர்கள். நாமெல்லாம் கேட்டுவிட்டுப் பதிலை வாங்காமலே போய்விடுவோம். அவர் பதில் வாங்காமல் நகரமாட்டார். கச்சேரிச் சேவகனை நிறுத்தி, காலையில் என்ன, பழையதா, தொட்டுக்க என்ன, வயிறு நிறைந்ததா என்று வரிசையாகக் கேட்பார். சேவகனுக்கு வாய்தா தேதி மறந்து போகும். எதிர்க்கட்சி வக்கீலையே ஒரு நாள் அப்படிக் கேட்டு, அந்த மனிதர் இட்டிலி எத்தனை என்று விரல் விட்டு எண்ணியதை நான் பார்த்தேன். என்னையும் விடமாட்டார். எனக்கு அடுத்தபடியாக என் மனைவியைப் பற்றிக் கேட்பார்.

"வீட்டுல அவுக என்ன சாப்பிட்டாக?"

"எல்லாம் சாப்பிட்டாச்சு அண்ணாச்சி" என்பேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் அந்த ஒரு பதில்தான் இருந்தது. அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு இலைக்குத் திரும்புவார்.

இதற்கெல்லாம் காரணம் என்ன என்று பந்தலில் நாங்கள் பேசாத நாள் இல்லை. ஸ்ரீவைகுண்டத்து வாழைக்காய் வியாபாரி ஒருவர் வாரத்துக்கு இரண்டு நாள் எனக்குப் பக்கத்துத் தடுக்கில் உட்காருவார். அவர் இது பைரவருக்கு நேர்ந்துகொண்டது என்று அடித்துச் சொன்னார். நேர்ச்சை என்றால் ஒரு கெடு இருக்குமே, இது இரண்டு வருஷமாக ஓடுகிறதே என்றேன். அப்படியானால் போன ஜென்மத்து உறவு என்றார். எனக்கு அந்த ஜென்மக் கணக்கெல்லாம் பழக்கமில்லை.

எனக்கு வேறு ஒன்று தோன்றியது. அவருக்கும் அவர் தம்பிக்கும் ஒரு வயல் விஷயமாக வழக்கு நடந்துகொண்டிருந்தது. அந்த வழக்குக் காகிதக் கட்டை நகல் எடுத்தவன் நான். அண்ணன் தம்பி ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அண்ணனின் மனைவி காலமான பிறகு ஒரு மாதம் தம்பி வீட்டு அடுப்பில் சாப்பிட்டவர், திடீரென்று நிறுத்திவிட்டு இந்தக் கடைக்கு வரத் தொடங்கினார். வழக்கும் அந்தச் சமயத்தில்தான் தொடங்கியது. இதோடு நான் கண்ணால் கண்ட ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன். ஒரு நாள் நாய் இலையை முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டது. அவரும் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். அவ்வளவுதான், எனக்கு விளங்கிவிட்டது. சோற்றில் தம்பி எதையாவது கலக்கச் சொல்லியிருப்பானோ என்று பயந்து, நாய்க்கு வைத்துப் பார்த்துச் சாப்பிடுகிறார். எல்லாரிடமும் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதும் அந்தப் பயத்தில்தான்.

வாழைக்காய் வியாபாரியிடம் இதைச் சொன்னேன். சும்மா சொல்லவில்லை, குரலைத் தாழ்த்தி, கச்சேரிக் கட்டைப் பார்த்தவன் என்ற தோரணையில் சொன்னேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன். அவர் யாரிடமும் சொல்லவில்லை, கேட்டவர்களிடம் மட்டும் சொன்னார். ஒரு வாரத்தில் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதுவே பேச்சு. கூடத்தில் ஆள் குறைந்தது. ஒருவர் சோற்றைப் பிசையும்போது மரத்தடியை எட்டிப் பார்த்ததை நானே கவனித்தேன்.

கடைக்காரர் விடியுமுன் ஆற்றில் குளித்துத் திருநீறு பூசி அடுப்பைத் தொட்டுக் கும்பிட்டுப் பற்றவைக்கிற மனிதர். அடுத்த நாள் அவர் பந்தல் வாசலிலேயே நின்றார். இரண்டு இலைக்காரர் நாயோடு வந்தார்.

"அண்ணாச்சி, நீங்க உள்ள வந்து உக்காருங்க. நாய் இனிமே வேண்டாம்."

"ஏன் வே, அது யாரையும் கடிச்சிட்டுதா?"

"கடிக்கல. என் அடுப்புல வெந்த சோத்தை நாய்க்கு வச்சுப் பரிட்சை பாக்குதீங்கன்னு ஊரு பேசுது. எனக்கு வெளிய தல காட்ட முடியல."

"பரிட்சையா?" என்றார். ஒன்றும் விளங்காத முகம். எங்களையெல்லாம் ஒரு தடவை பார்த்தார். சண்டை போடவில்லை. துண்டை எடுத்து மறுதோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பினார். நாய் மட்டும் மரத்தடியில் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் பின்னால் ஓடிற்று. வாழைக்காய் வியாபாரி என்னைப் பார்த்தார். நான் என் ரசத்தைப் பார்த்தேன்.

பிறகு அவர் வரவில்லை. ஆற்றங்கரைக் கல்மண்டபத்தில் மத்தியான நேரத்தில் நாயோடு உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னார்கள். வேறு கடைக்குப் போனாரா என்றால், எந்தக் கடையிலும் நாயை விடவில்லை. தானாகப் பொங்கிச் சாப்பிடத் தெரியாத மனிதர். பொரிகடலையும் வெல்லமும் வாங்கி நாயும் அவரும் தின்கிறார்கள் என்று கேள்வி. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து வழக்கு வாய்தாவுக்கு வந்தார். பெயர் கூப்பிட்டபோது சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. அன்றைக்கு அவர் யாரிடமும் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு மனிதரின் சோற்றை என் நாக்கு பறித்துவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

மத்தியானம் கடையில் இரண்டு பேர் சோற்றை இலையில் கட்டி வாங்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. படியில் நாய் படுத்திருந்தது. பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, சோறு சைவக் கடையினுடையது, நான் தொட்டது வெளி இலையை மட்டும்தான் என்று முதலில் சொன்னேன். பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். விஷம் என்று கட்டிவிட்டவன் நான்தான் என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கு ஆச்சரியம்தான் வந்தது.

"தம்பியா? அவன் வரப்பை வெட்டுவான், வெசம் வைக்கத் தெரியாது வே. அவன் பொஞ்சாதி, அந்தப் புள்ள, இன்னைக்கும் சோறு குடுத்து விடுது. நான்தான் வேண்டாங்கேன்."

"ஏன் அண்ணாச்சி?"

"நான் சாப்பிட்டு எந்திரிக்க வரைக்கும் அது கதவுக்குப் பொறத்தால நிக்கும். நான் எந்திரிச்சாத்தான் அது சாப்பிடணும். எனக்கு அங்கன தொண்டையில எறங்கல."

பொட்டலத்தைப் பிரித்தார். நாய்க்கு ஒரு பங்கை வைத்து, ஏளா, சாப்பிடு என்றார். அது அவசரமாகத் தின்றது. அதைப் பார்த்துக்கொண்டே, என்னிடம் சொல்லுகிறாரா ஆற்றிடம் சொல்லுகிறாரா என்று தெரியாதபடி பேசினார்.

"முப்பது வருசம் என் எலையிலதான் எம் பொஞ்சாதி சாப்பிட்டா. நான் எந்திரிச்சுக் கை கழுவிட்டு வெளிய போயிருவேன். காச்சல்ல விழுந்தப்போ வைத்தியரு வந்தாரு. நாடியைப் புடிச்சிக்கிட்டு, நேத்து என்ன சாப்பிட்டாகன்னு கேட்டாரு. அவளுக்குப் பேச்சில்ல. நான்தான் சொல்லணும். எனக்குத் தெரியல வே. நேத்தா, முந்தாநாளா, எந்த நாளும் எனக்குத் தெரியல."

சிதறிய பருக்கைகளை நாயின் பக்கம் ஒதுக்கினார்.

"அவ போன பொறவு புறவாசல்ல இது வந்து நின்னுது. நாலு நாளு நின்னுது. அப்பத்தான் தெரிஞ்சுது, அவ சோத்துல இதுக்குப் பங்கு இருந்திருக்குன்னு. அவ என்ன சாப்பிட்டா, எம்புட்டு சாப்பிட்டா, இதுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாமப் போச்சேன்னு, தெரிஞ்ச இதுகிட்டயே இருந்துக்கிட்டேன்."

பிறகு அவர் சாப்பிட்டார். பசித்த மனிதர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று நான் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாய் முந்தி ஒரு நாள் சாப்பிடாமல் படுத்ததே, அது ஏன் என்று மட்டும் கேட்டேன். என் விடுப்பு அப்போதும் அடங்கவில்லை. அன்றைக்கு அதற்கு வயிறு சரியில்லை என்றார்.

மறுநாள் கடைக்காரரிடம் போய், அந்தப் பேச்சைக் கிளப்பியவன் நான், அதில் துளியும் உண்மை இல்லை என்று கூடத்து ஆட்கள் காதிலும் விழும்படி சொன்னேன். உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை, அது என் சொத்து இல்லை. கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"உம்ம வாயில என் கடைச் சோறுதான வே போகுது?" என்றார். இடுப்புத் துண்டை உதறிக் கட்டிக்கொண்டு அவரே மண்டபத்துக்குப் போய் அழைத்து வந்தார். மருதமரத்தடியில் தண்ணீர் தெளித்ததும் அன்றைக்குக் கடைக்காரர்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது என் வீட்டு விஷயம். கோயிலில் ஆராதனை முடிந்து வந்தோம். எங்கள் வீட்டில் ஜெபம் எல்லாரும் சேர்ந்துதான் பண்ணுவோம். எங்கள் எல்லாருக்கும் இன்றைய ஆகாரத்தைத் தந்தீரே என்று நான்தான் சொல்லுவேன். ஆமென் சொன்னதும் நானும் பிள்ளைகளும் உட்காருவோம், அவள் பரிமாறுவாள். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான். அந்த எல்லாரும் என்ற சொல்லில் அவளும் இருக்கிறாளா என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

நீயும் கூட உட்காரேன் என்றேன். அப்ப பரிமாறுதது யாரு என்றாள். சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல் வாசலுக்குப் போகாமல் அடுக்களை நிலைப்படியில் உட்கார்ந்தேன். அவள் சட்டியைத் தொடாமல் நின்றாள்.

"என்ன, மேலுக்கு முடியலியா?"

"ஒண்ணுமில்ல. நீ சாப்பிடு."

"நீங்க போங்க, நான் பைய சாப்பிட்டுக்கிடுதேன்."

நான் போகவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். எனக்கு முதுகும் வலது முழங்கையும்தான் தெரிந்தன. முழங்கை ஏறி இறங்கியதை எண்ணினேன். ஏழு தடவை. நடுவில் ஒரு தடவை அகப்பை சட்டியைச் சுரண்டிற்று. கறி இருந்துச்சா என்று கேட்டேன். இருந்துச்சு என்றாள். எல்லாம் சாப்பிட்டாச்சு அண்ணாச்சி என்று நான் சொல்லுகிற அதே குரல். எனக்குத் தெரியாதா அந்தக் குரலை. வெட்கமாக இருந்தது. எழுந்து போய்க் குடத்துத் தண்ணீரில் ஒரு செம்பு மொண்டு அவள் பக்கத்தில் வைத்தேன். அதையும் அவள் சந்தேகமாகத்தான் பார்த்தாள்.

திங்கட்கிழமை பந்தலில் அண்ணாச்சிக்குப் பக்கத்துத் தடுக்கில் உட்கார்ந்தேன். நாய்க்கு இலை விரித்தார். அது முக்கால் இலை முடித்த பிறகு தனக்குப் போடச் சொன்னார். சோற்றைப் பிசைந்தபடி வழக்கமான கேள்விகளை வரிசையாகக் கேட்டார். நான் காலையில் சாப்பிட்டதைச் சொன்னேன். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"வீட்டுல அவுக என்ன சாப்பிட்டாக?"

"நேத்து மத்தியானம் சோறு, மேல ஊத்த ஆணம். கறி பிள்ளைகளுக்கே சரியாப் போச்சுன்னு நெனைக்கேன், இருந்துச்சுன்னு சொன்னா, பொய். ஏழு கை சாப்பிட்டா அண்ணாச்சி."

கறி என்ற சொல்லுக்கு முகம் சுளிக்கிறவர், அன்றைக்குச் சுளிக்கவில்லை.

"நீரு பாத்தீரா?"

"முழுசாப் பாக்கல. செவரைப் பாத்துத் திரும்பிக்கிட்டா. முதுகுதான் தெரிஞ்சுது. எண்ணிக்கை ஒண்ணு ரெண்டு தப்பியிருக்கலாம்."

பிசைந்த கை இலையிலேயே நின்றது.

"முதுகு தெரிஞ்சுதா?" என்றார். "எனக்கு அதுவும் தெரியாது வே."

பரிமாறுகிறவர் மோரோடு வந்து நின்றார். அண்ணாச்சி கவனிக்கவில்லை. மரத்தடிப் பக்கம் திரும்பி, "ஏளா, சாப்பிடு" என்றார். நாய் எப்போதோ சாப்பிட்டு முடித்து, வெற்று இலைக்குப் பக்கத்தில் படுத்திருந்தது.